தாமதமாக வந்த நல்ல செய்தி

ஜன்னல் விளிம்பில் இருந்த பெட்டியில் பச்சை எரிந்துகொண்டிருந்தது. பச்சை என்றால் கடலில் பயப்பட ஒன்றுமில்லை, பயப்பட ஒன்றுமில்லை என்றால் ரீகன் வழக்கம்போல விளக்கு வைக்கிற நேரத்துக்கு வள்ளத்தைக் கரையேற்றிவிட்டு வந்துவிடுவான், வந்ததும் வராததுமாக அடுப்படிக்குப் போய்ச் சட்டியைத் திறந்து பார்ப்பான், சட்டியில் சாளைக் குழம்பு இன்னும் கொதிக்கவே இல்லை, கிடக்கட்டும், அதற்கு ஒரு மதியம் முழுக்க இருக்கிறது என்று ஜெசிந்தா மடிக்கணினிக்கு முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தாள். திரையில் வரிகள் ஓடிக்கொண்டிருந்தன. பழைய நிரல் ஒன்றைத் திரும்பக் கட்டி எழுப்பும்போது கணினி தான் செய்வதையெல்லாம் வாய் ஓயாமல் சொல்லிக்கொண்டே போகும், அதில் முக்கால்வாசியை யாரும் படிப்பதில்லை, ஜெசிந்தாவும் படிக்கவில்லை, ஆனால் பார்த்துக்கொண்டிருப்பது அவளுக்குப் பிடிக்கும், வரிகள் ஓடுகிறவரைக்கும் வேறு எதையும் செய்ய வேண்டியதில்லை என்பது அதில் ஒரு வசதி. வேறு எதையும் என்றால் அந்தக் கடிதத்தைத் திறப்பதுதான். திரையின் ஓரத்தில், தடித்த கறுப்பு எழுத்தில், காலையிலிருந்து திறக்கப்படாமல் உட்கார்ந்திருந்தது. அனுப்பியவர் பெயர் ஓட்வார், நார்வேயில் நிரல் எழுதுகிற ஒரு கிழவர். ஓட்வார் இல்லை என்று அவள் முடிவு கட்டி ஒரு மாதம் ஆகப்போகிறது. இல்லாத மனிதரிடமிருந்து கடிதம் வந்தால் நல்ல பெண்ணாக இருப்பவள் சந்தோஷப்பட வேண்டும், ஐயோ, இருக்கிறாரே என்று. இவளுக்குச் சந்தோஷம் வரவில்லை. அந்தப் பக்கம் பார்க்கக்கூடாது என்று இருந்தாள், பார்க்கவில்லை என்பதையே நிமிஷத்துக்கு நிமிஷம் சரிபார்த்துக்கொண்டும் இருந்தாள்.

அவள் கணினியில் ஓடுவது எந்தக் கம்பெனிக்கும் சொந்தமில்லாத லினக்ஸ் என்ற இயக்க முறைமை. உலகத்தின் மூலைமுடுக்கில் எல்லாம் சம்பளமில்லாத ஆட்கள் சேர்ந்து, ஆளுக்கு நாலு நிரல்களைப் பொதியாகக் கட்டி, பழுது பார்த்து, கேட்டவர்களுக்கெல்லாம் சும்மா கொடுக்கிறார்கள். அப்படிப் பார்த்துக்கொள்கிற ஆள் செத்துப்போனாலோ, கல்யாணம் கட்டி மறந்துபோனாலோ, கோபித்துக்கொண்டு போய்விட்டாலோ அந்தப் பொதிகள் அநாதையாகிவிடும், அநாதைகளின் பெயர்கள் ஒரு பக்கத்தில் வரிசையாகக் கிடக்கும், யாராவது எடுக்க மாட்டார்களா என்று. ஜெசிந்தா காலையில் ஜெபப் புத்தகத்தைத் தொடுகிறாளோ இல்லையோ அந்தப் பக்கத்தைப் பார்த்துவிடுவாள். தூத்துக்குடியில் பி.சி.ஏ. படித்து, சென்னையில் கழுத்தில் அட்டை மாட்டிக்கொண்டு வேலை பார்த்து, ரீகனைக் கட்டிக்கொண்டு இந்த வேம்படித்துறைக்கு வந்துசேர்ந்த பிறகு அவளுக்கென்று மிஞ்சியது இந்த ஒரு கிறுக்குதான். ஒவ்வொரு பொதியோடும் ஒரு மாற்றக் குறிப்பு போகும், அதன் அடியில் பராமரிப்பவர் பெயர் இருக்கும், ஜெசிந்தா ரீகன் என்று. அதை எந்த ஊரில் எவன் படிக்கப்போகிறான், ஆனாலும் அவள் படிப்பாள், இரண்டு தடவை படிப்பாள். போன வாரம் கல்லறைத் திருநாளுக்கு மாமனார் கல்லறையில் மெழுகுவர்த்தி ஏற்றப் போனவள், பக்கத்தில் பெயர் அழிந்துபோன கல்லறைகளைப் பார்த்துவிட்டு, இதையெல்லாம் யாராவது எடுத்துப் புதுப்பித்தால் என்ன என்று நினைத்தாள், அப்புறம் அந்த நினைப்புக்காகவே சிலுவை போட்டுக்கொண்டாள். மெழுகு வாடை இன்னும் விரலை விட்டுப் போகாததுபோல இருந்தது. விரலை முகர்ந்து பார்த்தாள், மஞ்சளும் சாளையும்தான்.

நினைத்த மாத்திரத்தில் அநாதையை எடுத்துவிட முடியாது, அதற்கு முறை இருக்கிறது. உடையவருக்கு மூன்று கடிதம் எழுத வேண்டும், இருக்கிறீர்களா, இந்தப் பொதியை இன்னும் பார்த்துக்கொள்கிறீர்களா என்று, இடைவெளி விட்டு விட்டு மூன்று தடவை. கோயிலில் கல்யாணத்துக்கு முன்னால் மூன்று ஞாயிறு ஓலை வாசிப்பார்களே, தடை தெரிந்தவர்கள் சொல்லலாம் என்று சாமியார் நிமிர்ந்து பார்ப்பாரே, அதே சங்கதிதான். மூன்றாவதுக்கும் பதில் இல்லையென்றால் ஆள் இல்லை, எடுத்துக்கொள்ளலாம், யாரும் குறை சொல்ல முடியாது. ஓட்வாருக்கு அவள் மூன்று ஓலையும் வாசித்தாள். முதல் கடிதம் நன்றாகத்தான் எழுதினாள், ஐயா, உங்கள் நிரலை எங்கள் கடற்கரையில் பயன்படுத்துகிறோம், என் கணவர் மீனவர் என்றெல்லாம். இரண்டாவது அதைவிடச் சின்னது. மூன்றாவதை எழுதும்போது அவளுக்குப் பதில் வரக்கூடாது என்று இருந்தது. அதை யாரிடமும் சொல்லவில்லை, சொல்கிற விஷயமா அது, ஆனால் எழுதி அனுப்பிவிட்டு, பதில் வந்துவிடுமோ என்று மூன்று நாலு தரம் திறந்து திறந்து பார்த்தாள், வரவில்லை என்றதும் நெஞ்சு லேசானது. யாரோ ஒரு மனிதர் செத்திருக்க வேண்டும் என்று ஆசைப்பட்டதுபோலத்தானே அது. இல்லை, அப்படி இல்லை, வேறு வேலையாகப் போயிருக்கலாம், சலித்துப்போயிருக்கலாம். அப்படியானால் இப்போது எதற்குக் கடிதம் போடுகிறார். என் பொதியைக் கொடு என்று கேட்கத்தான். வேறு எதற்கு.

அந்தப் பொதியின் பெயர் வார்செல், நார்வேக்காரர்கள் மொழியில் எச்சரிக்கை என்று அர்த்தமாம். வானத்திலிருந்து செயற்கைக்கோள் வழியாக வரும் கடல் எச்சரிக்கைகளை வாங்கி, ஆபத்து என்றால் சிவப்பு விளக்கைப் போட்டுக் கூவ வைக்கும், ஆபத்து நீங்கியது என்ற செய்தி வந்தால் பச்சைக்குத் திருப்பும், அவ்வளவுதான் அதன் வேலை. சோப்பு டப்பா அளவில் ஒரு பெட்டி செய்து, அதற்குள் இந்த லினக்ஸை வைத்து, அதற்குள் வார்செலை வைத்து, ஊர் மீனவர் சங்கம் எல்லா வள்ளத்துக்கும் ஒவ்வொன்று கொடுத்திருந்தது. செய்ய உதவியவள் ஜெசிந்தா. சோதித்துப் பார்க்க அவள் வீட்டு ஜன்னலிலும் ஒன்று, புதிதாக எது வந்தாலும் முதலில் அதில்தான் ஏறும். ஊரில் அவளுக்குப் பெட்டிக்காரி என்று பேரே விழுந்துவிட்டது, கூப்பிடுகிறவர்கள் கேலியாகத்தான் கூப்பிடுகிறார்கள், இவளுக்கு உள்ளூரக் குளிர்ந்தது. அப்புறம் வார்செல் நம்பியிருந்த இன்னொரு பழைய நிரல் காலாவதியாகி, புதிய லினக்ஸில் வார்செலே கட்ட முடியாமல் போய், தூக்கி எறியப்போகிறோம் என்று அறிவிப்பு வந்தபோது, அதை விடுவாளா அவள். பழையதை எடுத்துவிட்டுப் புதியதைப் பொருத்தினாள். இரண்டு வாரம் மாய்ந்து மாய்ந்து வேலை செய்தாள். எல்லாம் கூடிவந்தது, நிரல் சரியாக ஓடுகிறதா என்று தானாகப் பார்த்துச் சொல்ல ஓட்வார் எழுதிவைத்திருந்த சோதனைகள் எல்லாம் தேறின, ஒன்றைத் தவிர. அந்த ஒன்று ஒரேயடியாக விழுந்திருந்தால் அவள் உட்கார்ந்து பார்த்திருப்பாள். அது நாலு தடவை தேறும், ஐந்தாவது தடவை விழும், திரும்ப ஓட்டினால் தேறும். இந்த மாதிரிச் சோதனைகளை எல்லாருக்கும் தெரியும், கணினி கொஞ்சம் மெதுவாக இருந்தால் விழும், வேகமாக இருந்தால் தேறும், யாரும் இதற்கெல்லாம் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்வதில்லை, ஒரு வரி எழுதி அந்தச் சோதனையைத் தாண்டிப் போகச் சொல்லிவிடுவார்கள். அவளும் எழுதினாள். சில சமயம் விழுகிறது, கணினியின் வேகம் காரணமாக இருக்கலாம். சரிபார்க்க வேண்டிய பிரேசில்காரன் ஒரு கட்டைவிரலைத் தூக்கிக் காட்டிவிட்டுப் போய்விட்டான். காரணமாக இருக்கலாம் என்று எழுதும்போது அந்த இருக்கலாம் கொஞ்சம் உறுத்தியது, உறுத்தியதை நினைத்துப் பார்க்க நேரமில்லை, அன்றைக்குத்தான் கடைசி நாள்.

அந்தச் சோதனைக்கு என்ன பெயர். நீளமாக ஏதோ வைத்திருந்தார், கிழவருக்குப் பெயர் வைப்பதில் ஒரு குறும்பு உண்டு. ஞாபகம் வரவில்லை. குழம்பைப் போய்க் கிளறிவிட்டு வந்தாள். வாசல் வேம்பு அசையவில்லை, ஒரு இலைகூட, ஐப்பசி மாதத்தில் இப்படிப் புழுங்கினால் நல்லதில்லை என்று மாமனார் சொல்லுவார், அவர் எல்லாவற்றையும் நல்லதில்லை என்றுதான் சொல்லுவார். பெட்டி பச்சை. காலையில், ரீகன் போய் வெகுநேரத்துக்குப் பிறகு, அவள் துணி அலசிக்கொண்டிருந்தபோது அது திடீரென்று சிவந்து கூவத்தான் செய்தது. ஈரக் கையோடு ஓடிவந்தாள். கிழக்கே கொண்டல் பக்கமிருந்து சுழிக்காற்று, எல்லாரும் கரை திரும்பவும் என்று சின்னத் திரையில் எழுத்து வந்தது. அவள் மாதாவைக் கூப்பிட்டு முடிப்பதற்குள் கூவல் நின்றது, பச்சை விழுந்தது, ஆபத்து நீங்கியது என்று வந்தது. அப்போது அவளுக்கு எப்படி இருந்தது. சந்தோஷமாக இருந்தது. அதுதான் இப்போது முள்ளாகக் குத்திக்கொண்டிருந்தது. இவ்வளவு சீக்கிரத்தில் சுழிக்காற்று கலைந்துவிட்டதா என்று ஒரு கணம் தோன்றியதையும், தோன்றியதை அவளே துடைத்துவிட்டுத் துணிக்குப் போனதையும் நினைத்தாள். செய்தி அனுப்புகிறவர்களுக்குத் தெரியாதா. நேற்று முன்தினம்கூட ஒரு எச்சரிக்கை வந்தது, வந்தது, ஆனால் அதற்கான ஆபத்து நீங்கியது என்ற செய்தி வரவே இல்லை, சிவப்பு தானாக நேரம் முடிந்து அணைந்தது, சங்கத்தில்கூட அதைப் பற்றிப் பேசிக்கொண்டார்கள். வராத செய்தி எங்கே போயிருக்கும். எங்கேயாவது வரிசையில் நின்றுகொண்டிருக்கும். ஜெசிந்தா எழுந்து பெட்டியைத் தட்டிப் பார்த்தாள், தட்டினால் சரியாகிற சாமானா அது.

நேற்றுச் சாயங்காலம் ரீகனைச் சங்கத்துச் சுவரோரம் நிற்கவைத்து, பெட்டிக்குப் புது வார்செலை இறக்கவைத்தது அவள்தான். அங்கேதான் இன்டர்நெட் எட்டும், ஒரு பொத்தானை அமுக்கிவிட்டுக் கொஞ்ச நேரம் நிற்க வேண்டும், அதைச் செய்ய இந்த ஊர் ஆண்களுக்குக் கை வலிக்கிறது. ஒரு வாரமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். ஊருக்கெல்லாம் சொல்லுகிறேன், என் வீட்டு ஆளே செய்யவில்லை என்றால் என்னை எவன் மதிப்பான் என்று அழாத குறையாகச் சண்டை போட்டாள். ரீகன் அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, வலையைத் தோளில் போட்டபடியே போய் நின்று, இறக்கிக்கொண்டு வந்து, இப்போ சந்தோஷமா என்று கேட்டான். சந்தோஷம்தான். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவன் அவள் வேலையைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டதில்லை, கேலியும் செய்ததில்லை, பக்கத்தில் ஒரு பூனை தூங்குவதைப்போல விட்டுவிடுவான். நேற்றுத்தான் முதல் தடவையாகக் கேட்டான், இதுல ஒம் பேரும் இருக்கா என்று. இருக்கு என்றாள். எங்க என்றான். உள்ளே இருக்கிறது, வெளியே தெரியாது என்று சொன்னதும் பெட்டியை ஒரு தடவை திருப்பிப் பார்த்துவிட்டு மடியில் கட்டிக்கொண்டான். அவனுக்காகவாவது அந்தக் கடிதத்தைத் திறந்து, அந்தக் கிழவர் திட்டினால் வாங்கிக்கொண்டு, பொதியைக் கேட்டால் கொடுத்துவிடலாம் என்று இப்போது தோன்றியது. குழம்பு கொதிக்கட்டும், கொதித்ததும் திறப்போம்.

வேலிக்கு அந்தப் பக்கமிருந்து கிளாடிஸ் கூப்பிட்டாள். அடுத்த வீட்டுக்காரி, அவள் புருஷனும் இன்றைக்குக் கடலில்தான். கையில் போனும் முகத்தில் ஒரு நிம்மதியுமாக நின்றாள்.

“ஏ ஜெசி, ஒங்க வள்ளம் கரைக்கு வந்துட்டா?”

இந்நேரத்தில் எதற்கு வரப்போகிறது என்று ஜெசிந்தா கேட்டாள்.

“எங்க ஆளு இப்பதான் போன் போட்டாவ, கரை கிட்ட வந்துட்டாவளாம். பெட்டியில செவப்பு அடிச்சிட்டுல்லா, எல்லா வள்ளமும் தலையத் திருப்பிட்டாம்.”

“செவப்பா? பச்சையால்லா கெடக்கு.”

“எங்க பெட்டியில இன்னும் செவப்புதானாம், நிக்காம கூவுதாம்.” கிளாடிஸ் குரலைத் தாழ்த்திச் சிரித்தாள். “கோவிச்சுக்கிடாத பிள்ள, நீ என்னமோ அப்டேட்டு அப்டேட்டுன்னு உயிர விட்டியே, எங்க ஆளு அத செய்யவே இல்ல. அவிய மட்டும் இல்ல, ஒருத்தரும் செய்யல. ஓடுதத எதுக்கு நோண்டணும்னு விட்டுட்டாவ.”

கிளாடிஸ் இன்னும் ஏதோ சொன்னாள், கொண்டல் பக்கம் கறுத்துக்கிடக்கிறது, துணியை எடுத்துப்போடு என்று சொன்னதுபோல இருந்தது. ஜெசிந்தா தலையாட்டிவிட்டு உள்ளே வந்தாள். ஒருத்தரும் செய்யவில்லை. ரீகன் செய்தான். ஊரில் ஒரே ஒருத்தன். பழைய வார்செல் சிவப்புக் காட்டுகிறது, புதிய வார்செல் பச்சைக் காட்டுகிறது, பழையது ஓட்வாருடையது, புதியது என்னுடையது, பழையதுதான் தவறு, பழையதாயிற்றே, ஆபத்து நீங்கிய செய்தியை அது வாங்காமல் விட்டிருக்கும், அதனால்தானே புதுப்பிக்கவே செய்தேன், இல்லை, அதனாலா செய்தேன். புதுப்பித்தது கட்ட முடியவில்லை என்பதற்காக. பழையதில் ஒரு குறையும் இல்லை. ஒரு குறையும் இல்லாததை எடுத்து என் பெயரைப் போட்டுக்கொண்டேன். துணியை எடுக்க வேண்டும். பெட்டி பச்சையாக, சமர்த்தாக, ஒரு சத்தமும் இல்லாமல் உட்கார்ந்திருந்தது. ஒரு எச்சரிக்கை வந்து, அதற்குப் பின்னால் வேறொரு எச்சரிக்கைக்கான பழைய ஆபத்து நீங்கியது என்ற செய்தி பிந்தி வந்து சேர்ந்தால் என்ன ஆகும் என்று அவள் மனசு கேட்டது, கேட்ட கையோடு அந்தச் சோதனையின் பெயர் ஞாபகத்துக்கு வந்துவிட்டது. வந்ததும் மடிக்கணினிக்கு முன்னால் போய் உட்கார்ந்தாள். கடிதத்தைத் திறந்தாள்.

எழுதியிருந்தது ஓட்வார் இல்லை, அவர் மகள். அப்பாவின் கணக்கிலிருந்து எழுதுகிறேன், மன்னிக்கவும் என்று ஆரம்பித்திருந்தாள். அப்பாவுக்கு வசந்த காலத்தில் பக்கவாதம் வந்து வாய் போய்விட்டது, ஒரு கை மட்டும் அசைகிறது, உங்கள் மூன்று கடிதங்களையும் இப்போதுதான் பார்த்தேன், அவருக்குப் படித்துக் காட்டினேன், உங்கள் கணவர் மீனவர் என்ற இடத்தில் அழுதார். பிறகு நீங்கள் செய்த மாற்றங்களைத் திரையில் காட்டச் சொல்லிச் சைகை செய்தார். நன்றாக இருப்பதாகத் தலையாட்டிக்கொண்டே வந்தார், ஒரு வரி வந்ததும் அதன்மேல் விரலை வைத்து எடுக்கவே இல்லை. வேறு பக்கம் போகலாமா என்றால் கோபப்படுகிறார். அந்த வரியை அப்படியே கீழே தருகிறேன், எனக்கு ஒன்றும் புரியவில்லை, உங்களுக்குப் புரியலாம், அவர் இன்னும் விரலை எடுக்கவில்லை. கீழே அவளுடைய வரிதான் இருந்தது. தாமதமாக வந்த நல்ல செய்தி என்ற சோதனையைத் தாண்டிச் செல்லவும். சில சமயம் விழுகிறது, கணினியின் வேகம் காரணமாக இருக்கலாம். காலையிலேயே வந்த கடிதம். பெட்டி சிவந்து கூவுவதற்கு முன்னாலேயே வந்த கடிதம்.

இதைப் படித்த எவளும் அப்படியே தலைவிரிகோலமாகச் சங்கத்துக்கு ஓடியிருப்பாள். ஜெசிந்தா ஓடவில்லை. நிரல் எழுதுகிற கூட்டத்துக்கே உள்ள வியாதி அது, கண்ணால் பார்த்ததை நம்பாமல் இன்னொரு தடவை ஓட்டிப் பார்ப்பது. அந்தச் சோதனையைத் திரும்பச் சேர்த்து ஓட்டினாள். ஒரு எச்சரிக்கை, அதற்குப் பின்னால் பிந்தி வந்த பழைய நல்ல செய்தி, சிவப்பு சிவப்பாகவே இருக்க வேண்டும். தேறியது. பார்த்தாயா என்றது மனசு. மறுபடி ஓட்டினாள், தேறியது, மூச்சு வந்தது, கணினியின் வேகம்தான், ரீகன் வந்துவிடுவான், எல்லாரும் வருகிறபோது அவனும் வருவான், அவனுக்குக் கண் இல்லையா, வானத்தைப் பார்க்கத் தெரியாதா, பதினாறு வயசிலிருந்து கடலுக்குப் போகிறவன் என்று நினைத்துக்கொண்டே மறுபடி ஓட்டினாள். விழுந்தது. பிந்தி வந்த செய்தி முன்னால் வந்த எச்சரிக்கையை அழித்துவிட்டது, விளக்கு பச்சையாகிவிட்டது என்று கணினி எழுதிக்காட்டியது. அவள் பொருத்திய புதிய நிரல் செய்திகளை அவை புறப்பட்ட நேரத்தைப் பார்த்து அடுக்கவில்லை, கைக்கு வந்த வரிசையில் கொடுத்துக்கொண்டிருந்தது, இரண்டும் ஒரே நொடியில் வந்தால் தப்பிக்கும், பிந்தினால் மாட்டும். இவ்வளவு சின்ன விஷயம். அரை நாள் உட்கார்ந்திருந்தால் கண்டுபிடித்திருப்பாள். அடுப்படியில் குழம்பு பொங்கி நெருப்பில் விழுந்து தீய்ந்த வாடை வந்தது, அடுப்பை அணைத்தாளா இல்லையா என்று தெரியாமலே வெளியே வந்துவிட்டாள்.

தெருவில் நடக்கும்போது, ஓடக்கூடாது, ஓடினால் ஏன் என்று கேட்பார்கள் என்று இருந்தது, கேட்டால் என்ன சொல்ல, பெட்டிக்காரி பெட்டியைக் கெடுத்துவிட்டாள் என்று சொல்ல வேண்டும், சொல்லலாம், ரீகன் கரை ஏறிய பிறகு ஊரைக் கூட்டிவைத்துச் சொல்லலாம், யார் வேண்டுமானாலும் காறித் துப்பட்டும். அப்புறம் அவளே அறியாமல் ஓடிக்கொண்டிருந்தாள். கோயில் தாண்டியதும் கடல் தெரிந்தது. கிழக்கே பாதி வானம் இல்லை, அந்த இடத்தில் ஈயச் சட்டியின் அடிபோல ஒரு கறுப்பு இறங்கியிருந்தது. இவ்வளவு நேரமும் அசையாமல் நின்ற காற்று இப்போது குளிர்ந்து கணுக்காலில் பட்டது. வள்ளங்கள் ஒவ்வொன்றாகக் கரை சேர்ந்துகொண்டிருந்தன, ஒவ்வொன்றிலும் பெட்டி சிவப்பாகக் கூவிக்கொண்டே வந்தது, அந்தக் கூவலைக் கேட்க அவளுக்கு அவ்வளவு ஆசையாக இருந்தது. சந்தனமாதா என்று எழுதிய ரீகனின் நீல வள்ளத்தைத் தேடினாள். எல்லா நீலமும் வேறு நீலமாக இருந்தது.

சங்கக் கட்டடத்தில் வயர்லெஸ்காரர் சூசை அண்ணன் காதுக்கருவியைக் கழற்றிக் கழுத்தில் போட்டுக்கொண்டு ஜன்னல் வழியாகக் கடலைப் பார்த்தபடி இருந்தார். அவளைப் பார்த்ததும் முகத்தைச் சாதாரணமாக வைத்துக்கொண்டார், அதிலிருந்தே அவளுக்குத் தெரிந்துவிட்டது. எல்லா வள்ளமும் பதில் சொல்லிவிட்டன, சந்தனமாதா மட்டும்தான் சொல்லவில்லை, அவன்தான் இரைச்சல் பிடிக்கவில்லை என்று வயர்லெஸ் சத்தத்தைக் குறைத்து வைத்துவிடுவானே, பெட்டி கூவும்போது தானாகத் திரும்பிவிடுவான், அதுதான் பெட்டி இருக்கிறதே என்று சொன்னார். ஜெசிந்தா அவர் கையிலிருந்த மைக்கைக் கேட்டாள். பொம்பளைகள் அதைத் தொட்டதில்லை. சூசை அண்ணன் ஒரு கணம் யோசித்துவிட்டு, பேசும்போது பொத்தானை அமுக்கணும், பேசி முடித்ததும் விட்டுவிடணும், அமுக்கிக்கொண்டே இருந்தால் அவன் பேசுவது இங்கே கேட்காது என்று சொல்லிக் கொடுத்தார். அவள் கூப்பிட்டாள். இரைச்சல். திரும்பக் கூப்பிட்டாள். இரைச்சலுக்குள்ளிருந்து ரீகனின் குரல், பக்கத்து அறையிலிருந்து பேசுவதுபோலச் சிரித்துக்கொண்டே வந்தது.

“ஏட்டி ஜெசி, நீ எங்க அங்க? எல்லாவனும் ஓடிட்டானுவ, என்னன்னு தெரியல. இங்க மேகம் போட்டிருக்கு, போடட்டும், எனக்கு ஒரு கூவு கூவிட்டு அப்பவே பச்சையாயிட்டு, இன்னும் பச்சதான் எரியுது, ஒம் பெட்டிதான சொல்லுது. நல்ல மீன்பாடு. பாதி வலைய வாங்கியாச்சு, மிச்சத்தையும் வாங்கிட்டு வந்திருதேன். ஓவர்.”

அவனுக்குக் கண் இருக்கிறது. வானத்தைப் பார்க்கத் தெரியும். பார்த்துவிட்டுத்தான், அவள் பெயர் உள்ளே இருக்கிறது என்பதற்காகப் பெட்டியை நம்பிக்கொண்டிருக்கிறான். ஜெசிந்தா பொத்தானை அமுக்கினாள், சூசை அண்ணன் பக்கத்தில் இருப்பதோ, வாசலில் வலைக்காரர்கள் வந்து நிற்பதோ இப்போது ஒரு பொருட்டாக இல்லை.

“ஏங்க, பெட்டிய நம்பாதிய. அது பொய் சொல்லுது. நான் செஞ்ச தப்பு, நாந்தான் கெடுத்தேன், எல்லார் பெட்டியிலயும் செவப்பு. வலைய அறுத்து விட்டுட்டு உடனே வாங்க. கேக்குதா? இருக்கியளா?”

விரலை எடுத்தாள். இரைச்சல் வந்தது, காற்றுதானா ஆள்தானா என்று பிரித்தறிய முடியாத இரைச்சல். வலையை அறுக்கச் சொன்னதில் கோபித்துக்கொண்டிருப்பான், வள்ளத்தைவிட வலைமேல்தான் அவனுக்கு உயிர். இல்லை, அறுத்துக்கொண்டிருப்பான், இரண்டு கையும் அதில் இருக்கும், மைக்கை எப்படி எடுப்பான், வள்ளத்தில் அவனோடு போன ஆட்கள் இரண்டு பேரில் ஒருவராவது எடுக்கக்கூடாதா. ஜன்னலுக்கு வெளியே கடலில் முதல் மழை கோடு போட்டாற்போல நடந்து வந்துகொண்டிருந்தது. மறுபடியும் அமுக்கி, இருக்கியளா என்று கேட்டாள், பெயரைச் சொல்லிக் கேட்டாள், இத்தனை வருஷத்தில் அவன் பெயரை அவள் வாய்விட்டுச் சொன்னது அதுதான் முதல் தடவை. விரலை எடுத்தாள். இரைச்சல்கூட மெலிந்துபோயிருந்தது. இது இரண்டாவது என்று அவள் மனசு எண்ணியது. எண்ணாதே என்றாள் அதனிடம், அது கேட்கவில்லை, அதற்குப் பழகிப்போயிருந்தது. இன்னும் ஒரு தடவை கேட்டு அதற்கும் பதில் வரவில்லை என்றால் என்ன அர்த்தம் என்று அவளுக்கு நன்றாகத் தெரியும், அந்த முறைப்படி எத்தனை பேரை அவளே இல்லையென்று எழுதியிருக்கிறாள். எங்கேயோ ஒரு கட்டிலில் ஒரு கிழவர் பேச வாயில்லாமல் ஒரு வரியின் மேல் விரலை வைத்துக்கொண்டு கிடக்கிறார், இருந்துகொண்டேதான் இருந்தார், அத்தனை நாளும் இருந்துகொண்டேதான் இருந்தார். ஜெசிந்தா மைக்கை வாய்ப்பக்கம் கொண்டுபோனாள். பொத்தானை அமுக்கினாள். மூன்றாவது தடவை கேட்கவில்லை. அமுக்கியபடியே நின்றாள், பெருவிரல் வெளுத்துப்போகிற அளவுக்கு அமுக்கிக்கொண்டு, கடலைப் பார்த்தபடி.

“விரல எடும்மா,” என்றார் சூசை அண்ணன் மெதுவாக. “எடுத்தாத்தான அவன் பேசுறது நமக்குக் கேக்கும்.”

அவள் எடுக்கவில்லை.